ஏப்ரல் 15-க்கு முன் விற்ற மாடும் பின் விற்ற மாடும்

நீங்கள் கேட்டது இது: “கொரோனா சமயத்தில் அமெரிக்க அரசு விவசாயிகளுக்கும் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கும் கோடிக்கணக்கில் டாலரை வங்கிக் கணக்கில் போட்டதாம், திருப்பிக் கட்டவும் வேண்டாமாம். உண்மையா? உண்மை என்றால் அங்கேயும் பண்ணைக்காரர்கள் ஏன் குறைபட்டுக்கொண்டார்கள், ஏன் திவாலானார்கள்?” முதல் பாதிக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: உண்மை. உங்கள் கேள்வியின் உயிர் இரண்டாம் பாதியில் இருக்கிறது. அடி வாங்கியவன் கையில் அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிழக்குப் பக்கம் பண்ணைக் குடும்பங்களுக்குக் கணக்கெழுதி, வரித்தாக்கல் செய்து கொடுக்கிறேன். பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. பிறந்து வளர்ந்தது காங்கேயம் பக்கம், மாடு கன்றுக்கு நடுவில்தான். இங்கே எனக்குப் பழக்கமானவை மாடு, பன்றி, மக்காச்சோளம், சோயா. கலிஃபோர்னியாவின் காய்கறித் தோட்டங்கள், தெற்கின் கோழிப் பண்ணைகள் பற்றி எனக்கு விதிகள் தெரியும், அவற்றின் வரவு செலவுக்குள் கை வைத்துப் பார்த்ததில்லை. கீழே சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள், உணவகங்கள், விடுதிகள் எல்லாம் ஒரே வாரத்தில் மூடின. அமெரிக்காவில் சாப்பாட்டுச் சரக்கு இரண்டு தனித்தனி வாய்க்காலில் ஓடுகிறது. கடைக்குப் போவது ஒன்று, உணவகத்துக்கும் பள்ளிக்கும் போவது இன்னொன்று. பள்ளிக்கென்று சின்ன அட்டைப் பெட்டியில் பால் அடைக்கும் ஆலை, மறுநாளே ஒரு காலன் குடத்துக்கு மாற முடியாது. அதனால் கடை அலமாரியில் பால் இல்லை, பண்ணையில் பாலை வைக்க இடமில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 37 லட்சம் காலன் பால் வரை கீழே கொட்டப்படுகிறது என்று நாட்டின் மிகப்பெரிய பால் கூட்டுறவான டெய்ரி ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா கணக்குச் சொன்னது. பிறகு நோய் இறைச்சி ஆலைகளுக்குள் புகுந்தது. சூ ஃபால்ஸ் ஸ்மித்ஃபீல்டு ஆலை, வொர்திங்டன் ஜேபிஎஸ் ஆலை, வாட்டர்லூ டைசன் ஆலை என்று ஏப்ரல் மாதத்தில் பெரிய பன்றி ஆலைகள் வரிசையாக மூடின. மாட்டு ஆலைகளும் பாதி ஆட்களோடு ஓடின. நாட்டில் கொழுத்த மாடுகளில் நூற்றுக்கு எண்பத்தைந்தை நான்கே நிறுவனங்கள்தான் வெட்டுகின்றன. அவை தடுமாறினால் மாட்டுக்காரனுக்குப் போக வேறு வாசல் இல்லை. ஜனவரியில் நூறு பவுண்டு எடைக்கு 120 டாலரைத் தாண்டி இருந்த உயிர்மாட்டு விலை ஏப்ரலில் நூறை ஒட்டி வந்து நின்றது. ஆனால் மே மாதத்தில் வெட்டிய இறைச்சியின் மொத்த விலை பிப்ரவரியில் இருந்ததைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த வித்தியாசம் எங்கே போனது என்ற கேள்வி இங்குள்ள மாட்டுக்காரர்கள் மனதில் இன்றும் ஆறவில்லை.

இந்த நிலையில்தான் 2020 ஏப்ரல் 17 அன்று அன்றைய விவசாய அமைச்சர் சன்னி பெர்டியூ ஒரு திட்டத்தை அறிவித்தார். கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம் என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லோரும் ‘சீஃபேப்’ என்றுதான் சொல்வோம். மொத்தம் 1,900 கோடி டாலர். அதில் 1,600 கோடி விவசாயிகளுக்கு நேரடிப் பணம், 300 கோடி அரசே உணவு வாங்கி ஏழைகளுக்குப் பெட்டி பெட்டியாகக் கொடுப்பதற்கு. நேரடிப் பணத்துக்கு இரண்டு ஊற்றுகள். கொரோனா நிவாரணத்துக்காக மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் சட்டத்திலிருந்து 950 கோடி. மீதி 650 கோடி ‘கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன்’ என்ற அரசு நிறுவனத்திலிருந்து. பெருமந்தக் காலத்தில், 1933-ல் தொடங்கிய நிறுவனம் அது. கருவூலத்திலிருந்து 3,000 கோடி டாலர் வரை கடன் எடுத்து விவசாயத்துக்குச் செலவழிக்க அதற்கு நிரந்தர அதிகாரம் உண்டு. 2018, 2019-ல் சீனாவோடு வரிச்சண்டை நடந்தபோது விவசாயிகளுக்கு இழப்பீடு போனதும் இதே பையிலிருந்துதான். இந்த இரண்டு ஊற்று விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல் முழுக்க அதிலிருந்துதான் பிறக்கிறது.

விண்ணப்பம் மே 26-ல் திறந்தது. மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுன்ட்டியிலும் பண்ணைச் சேவை முகமைக்கு ஒரு அலுவலகம் இருக்கிறது. நம் ஊர் வேளாண் விரிவாக்க மையத்தையும் கூட்டுறவு சங்கத்தையும் ஒன்றாகச் சேர்த்ததுபோல ஒரு இடம். அன்றைக்கு அதன் கதவு பூட்டியிருந்தது. ஃபோனில் நேரம் வாங்கி, தாள்களை மின்னஞ்சலிலோ வாசல் பெட்டியிலோ போட வேண்டும். ஒரு மாட்டுக்காரர் வீட்டு அடுக்களை மேசை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு மூலையில் சந்தைக் கொட்டகையின் விற்பனைச் சீட்டுகள், தேதி, எடை, தலைக்கு என்ன விலை என்று வரிசையாக. பக்கத்தில் அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் சின்ன நோட்டு. எந்த மாடு எந்த நாள் ஈன்றது, எத்தனை கன்று செத்தது எல்லாம் பென்சிலில், மழை பட்டுக் கரைந்த எழுத்தில். விண்ணப்பத்தில் கேட்டது இரண்டே எண்கள்தான். ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை எத்தனை தலை விற்றாய், ஏப்ரல் 16 முதல் மே 14 வரையில் நீயே தேர்ந்தெடுக்கும் ஒரு நாளில் உன்னிடம் எத்தனை தலை இருந்தது. நீயே எழுதிக் கையெழுத்துப் போடலாம், ஆதாரத்தை மூன்று வருடம் பத்திரமாக வைத்திரு, பரிசோதனைக்குக் கேட்டால் காட்டு என்பது விதி. அந்தப் பென்சில் நோட்டுதான் அவருடைய ஆதாரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெட்டுக்குத் தயாரான கொழுத்த மாட்டை ஏப்ரல் 15-க்குள் விற்றிருந்தால் தலைக்கு 214 டாலர். அதே மாடு ஏப்ரல் 16-க்குப் பிறகும் பட்டியில் நின்றிருந்தால் தலைக்கு 33 டாலர். ஒரே மாடு, ஒரே தீவனம், ஒரு நாள் வித்தியாசம்.

என்னிடம் வரும் இரண்டு பேரை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் எண்களை வட்டமாக்கியிருக்கிறேன். இருவருமே வாடிக்கையாக 400 மாடு வைத்துக் கொழுக்க வைத்து விற்பவர்கள். ஒருவர் மார்ச் முடிவதற்குள் மொத்தத்தையும் விற்றுவிட்டார். விலை இறங்கத் தொடங்கியிருந்தது, ஆனால் அடிமட்டத்தைத் தொடவில்லை. அவருக்கு 85,600 டாலர். அடுத்தவருக்கு ஏப்ரல் இரண்டாம் வாரம் லாரி வருவதாக இருந்தது. ஆலையில் ஆள் இல்லை என்று தள்ளிப் போட்டார்கள், மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். மாடு காத்திருக்காது, தின்றுகொண்டே இருக்கும். எடை கூடினால் கொழுப்பு கூடும், கொழுப்பு கூடினால் விலையில் பிடிப்பார்கள். மே கடைசியில்தான் லாரி வந்தது. கூடுதலாக ஆறு வாரத் தீவனச் செலவு, விலையில் பிடித்தம், இத்தனைக்கும் அரசிடமிருந்து அவருக்குக் கணக்கானது 13,200 டாலர். அதுவும் முதலில் எண்பது சதவீதம்தான் கொடுத்தார்கள், ஆக 10,560. பணம் பற்றாமல் போய்விடக் கூடாதென்று எல்லோருக்கும் அப்படித்தான் நிறுத்தி வைத்தார்கள், மீதியைப் பிறகு தந்தார்கள். நான் கணக்கைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “நான் ஏதாவது தப்பான தேதி எழுதிட்டேனா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஏன் இப்படி ஒரு தேதி? யாரோ வேண்டுமென்றே செய்ததில்லை. கேர்ஸ் சட்டப் பணத்தை ஏற்கெனவே நடந்துவிட்ட விலைச் சரிவுக்கு ஈடாகக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டார்கள். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை விலை எவ்வளவு இறங்கியது என்று பார்த்து அதில் பெரும்பகுதியைக் கொடுத்தார்கள். ஏப்ரல் 15-க்குப் பிறகான காலத்துக்குக் கமாடிட்டி நிறுவனத்தின் பணம். அங்கே வரப்போகும் நஷ்டத்தை மதிப்பிட்டு அதில் சிறு பங்கு மட்டும். தாளில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் இறைச்சி ஆலைகள் மூடியது பெரும்பாலும் ஏப்ரல் பாதிக்குப் பிறகு. அடி விழுந்த வாரங்களுக்குச் சின்னத் தொகை, அடி விழுவதற்கு முந்தைய வாரங்களுக்குப் பெரிய தொகை என்று ஆகிவிட்டது. அவசரத்தில் செய்த வேலை என்று நான் ஏற்றுக்கொள்கிறேன். ஐந்தே வாரத்தில் விதி எழுதி, மென்பொருள் செய்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அலுவலகங்களில் பணம் கொடுக்கத் தொடங்கியது சாதாரண வேலை இல்லை. இருந்தாலும் மே மாதம் விதி வெளியானபோது ஆலைகள் மூடிய செய்தி எல்லோருக்கும் தெரியும். அப்போதே அந்தத் தேதிக் கோட்டை நகர்த்தியிருக்கலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

விலை ஐந்து சதவீதமாவது இறங்கிய பொருளுக்குத்தான் முதல் சுற்றில் பணம் என்பதும் இதே வகைச் சிக்கல். கான்சாஸ் பக்கம் விளையும் சிவப்புக் குளிர்காலக் கோதுமைக்கு விலை அந்த அளவு இறங்கவில்லை என்று முதல் சுற்றில் ஒன்றும் இல்லை. வடக்கே விளையும் வசந்தக் கோதுமைக்கு உண்டு. இரண்டு வயதைக் கடந்த ஆடுகளை ஆகஸ்டில்தான் சேர்த்தார்கள்.

கன்று ஈனவைத்து வளர்ப்பவர்கள் நிலை வேறு. மணல்மேட்டுப் புல்வெளியில் 120 பசு, ஐந்து காளை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் கன்று ஈனும், அக்டோபரில் விற்பார்கள். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் விற்க அவர்களிடம் ஒன்றுமே இருக்காது. 110 கன்றும் பிழைத்தது என்றால் 235 தலை, தலைக்கு 33, மொத்தம் 7,755 டாலர். வருடம் முழுக்கப் பாடுபடும் குடும்பத்துக்கு அது ஒரு மாத வைக்கோல் செலவு, கொஞ்சம் எரிபொருள். செப்டம்பரில் இரண்டாம் சுற்று வந்தது, 1,400 கோடி டாலர் வரை என்று அறிவித்தார்கள். இந்த முறை மாட்டுக்குத் தலைக்கு 55 டாலர், பன்றிக்கு 23, ஆட்டுக்குட்டிக்கு 27. விற்ற தேதி என்ற வம்பே இல்லை. ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரை ஒரு நாள் இருப்பைச் சொன்னால் போதும். இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பசுவையும் காளையையும் மட்டும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆக அந்தக் குடும்பத்துக்கு 110 கன்றுக்கு 6,050. மக்காச்சோளம், சோயா போன்றவற்றுக்கு ஏக்கருக்குக் குறைந்தது 15 டாலர். காய்கறி, பழக்காரர்களுக்கு முந்தைய வருட விற்பனையில் ஒரு பங்கு. முதல் 50,000 டாலருக்கு 10.6 சதவீதம், அதற்கு மேலே போகப் போகக் குறைந்து 8.8 வரை. என் பார்வையில் இரண்டாம் சுற்று முதல் சுற்றைவிட எவ்வளவோ தெளிவாக இருந்தது. வயலில் நிற்பவன் தன் கணக்கைத் தானே போட்டுப் பார்க்க முடிந்தது.

பெரியவர்களுக்கே எல்லாம் போனது என்ற பேச்சு பாதி உண்மை. ஆளுக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர் என்று வைத்தார்கள். நிறுவனமாகப் பதிவு செய்த பண்ணையில் 400 மணி நேரம் உழைக்கும் பங்குதாரர்கள் மூன்று பேர் இருந்தால் 7,50,000 வரை போகலாம். இரண்டாம் சுற்றுக்கு இதே வரம்பு தனியாக. ஆண்டு வருமானம் சராசரியாக 9,00,000 டாலரைத் தாண்டினால் கிடையாது, ஆனால் அதில் முக்கால் பங்கு விவசாயத்திலிருந்தே வந்தால் உண்டு. ஆக இது தேவையைப் பார்த்துக் கொடுத்த பணம் இல்லை, எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுத்தது. பத்து மாட்டுக்காரனுக்குப் பத்து மாட்டின் பணம், ஆயிரம் மாட்டுக்காரனுக்கு ஆயிரம் மாட்டின் பணம். பெரியவனுக்கு நஷ்டமும் பெரிது என்பார்கள். அது சரிதான். வங்கியில் கையிருப்பு இருப்பவனும் தீவனக் கடையில் கடன் வைத்திருப்பவனும் தலைக்கு ஒரே தொகை வாங்கினார்கள் என்பதும் சரிதான்.

ஒரு பைசாகூட இல்லாமல் நின்ற ஒரு கூட்டம் உண்டு. கோழியையும் பன்றியையும் பெரிய நிறுவனத்துக்காக ஒப்பந்தத்தில் வளர்த்துக் கொடுப்பவர்கள். கொட்டகை இவர்களுடையது, அதற்கான கடன் இவர்களுடையது, உள்ளே இருக்கும் உயிர் நிறுவனத்துடையது. நாமக்கல், பல்லடம் பக்கம் கறிக்கோழி ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்களைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். நிறுவனம் குஞ்சு இறக்குவதை நிறுத்தினால் கொட்டகை காலி, தவணை மட்டும் ஓடும். உயிருக்குச் சொந்தக்காரர் இல்லை என்பதால் சீஃபேப்பில் இடமில்லை. 2020 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அவர்கள் வருமான இழப்பில் எண்பது சதவீதம் வரை கொடுக்க 100 கோடி டாலர் ஒதுக்கியது. கைக்கு வர இன்னும் ஒரு வருடம் போல ஆனது. ஆலை மூடியதால் பன்றிகளைக் கொன்று புதைக்க நேர்ந்தவர்களுக்கும் தனித் திட்டம் 2021 ஜூலையில்தான் திறந்தது. பன்றி ஆறு மாதத்தில் வெட்டுக்கு வந்துவிடும். பின்னால் அடுத்த ஈடு குட்டிகள் இடம் கேட்டு நிற்கும். அதனால் அவர்களுக்குக் காத்திருக்க வழியே இல்லை. அந்த வேலையைத் தன் கையால் செய்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை.

நம் ஊரோடு ஒப்பிட்டு யாராவது கேட்பார்கள் என்பதால் ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். பிஎம் கிசான் திட்டத்தில் நிலம் பெயரில் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 6,000 ரூபாய், 2020 ஏப்ரலில் அதில் ஒரு தவணை 2,000 ரூபாயை முன்கூட்டிப் போட்டார்கள். நிலமில்லாத குத்தகைக்காரருக்குக் கிடையாது. சீஃபேப்பில் தலைகீழ். ரொக்கக் குத்தகைக்கு நிலத்தை விட்டுவிட்டு ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் இல்லை. விளைச்சலில் யாருக்குப் பங்கு இருக்கிறதோ, விலை இறங்கினால் யார் கை சுடுமோ, அவருக்குத்தான் பணம். விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டவர் தன் பங்குக்கு மட்டும் வாங்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க விதி சரியான ஆளைப் பார்த்தது என்று நினைக்கிறேன்.

“திருப்பிக் கட்ட வேண்டாம்” என்பது சரி. “சும்மா” என்பது முழுக்கச் சரியில்லை. சீஃபேப் பணம் விவசாய வருமானமாகக் கணக்காகும். வருமான வரி உண்டு, அதோடு 15.3 சதவீதம் சுயதொழில் வரியும் உண்டு. வருடம் முடிந்ததும், இவ்வளவு கொடுத்தோம் என்று அரசே 1099-ஜி படிவம் அனுப்பும். 2021 பிப்ரவரியில் என்னிடம் வந்தவர்களில் பலர் பணத்தை விதைக்கும் உரத்துக்கும் செலவழித்துவிட்டு, வரிக்கென்று எதுவும் ஒதுக்காமல் வந்தார்கள். சிறுதொழில்களுக்குக் கொடுத்த பிபிபி கடன் வேறு வகை. ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்ததைக் காட்டினால் தள்ளுபடி, அந்தத் தள்ளுபடிக்கு வரியும் இல்லை. தனியாளாகப் பண்ணை நடத்துபவர்களுக்கு முதலில் அது பயனில்லாமல் இருந்தது, நிகர லாபத்தை வைத்துக் கணக்கிட்டதால். நஷ்டம் காட்டிய பண்ணைக்குக் கடன் சுழியம். 2020 டிசம்பர் சட்டம் மொத்த வரவை வைத்துக் கணக்கிடலாம் என்று மாற்றியது, அதன்பின் ஒருவருக்கு அதிகபட்சம் 20,833 டாலர் வரை கிடைத்தது. இந்த மாற்றம் தெரியாமலேயே விட்டவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தவர்களுக்கு ஃபோன் செய்து சொன்னேன், எல்லோரையும் எட்ட முடியவில்லை.

கடன் தள்ளுபடி விஷயத்தையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2021 மார்ச்சில் நிறைவேறிய மீட்புச் சட்டத்தில், கறுப்பினத்தவர், பழங்குடியினர், லத்தீன், ஆசிய விவசாயிகளின் அரசுக் கடனில் 120 சதவீதத்தைக் கொடுக்க ஒரு பிரிவு இருந்தது. கூடுதல் இருபது சதவீதம் வரிக்காக. பல தலைமுறையாகக் கடன் மறுக்கப்பட்டதற்கான பரிகாரம் அது. வெள்ளை விவசாயிகள் சிலர் வழக்குப் போட, ஜூன் மாதம் நீதிமன்றங்கள் நிறுத்திவைத்தன. 2022 ஆகஸ்டில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டு, இனத்தைச் சொல்லாமல் நெருக்கடியில் இருக்கும் கடன்காரர்களுக்கு 310 கோடியும், பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்கு 220 கோடியும் என்று மாற்றினார்கள். நடுவில், கடன் தீரும் என்று அரசு அனுப்பிய கடிதத்தை நம்பி டிராக்டரும் கருவியும் வாங்கியவர்கள் கதி மோசம்.

இனி திவால் கணக்கு. இங்கே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருத்த வேண்டும். திவால் சட்டத்தில் குடும்பப் பண்ணைகளுக்கென்றே இருக்கும் பன்னிரண்டாம் அத்தியாயத்தின் கீழ் வந்த மனுக்கள் 2019-ல் 595, 2020-ல் 552, 2021-ல் 276. கூடவில்லை, பாதியாகக் குறைந்தன. 2020-ல் எல்லாத் திட்டங்களும் சேர்ந்து விவசாயிகளுக்குப் போன நேரடி அரசுப் பணம் சுமார் 4,500 கோடி டாலர், அதுவரை இல்லாத உச்சம். சீஃபேப் மட்டும் எல்லாச் சுற்றும் சேர்த்து 3,000 கோடியைத் தாண்டியது. இவை உறுதியான எண்கள். திவால் குறைந்ததற்கு இந்தப் பணம்தான் காரணமா என்பதில்தான் உறுதி இல்லை. 2020 ஆகஸ்டில் ஒரு புஷல் (இங்கே தானியம் அளக்கும் அளவு) மூன்றே கால் டாலரை ஒட்டியிருந்த மக்காச்சோளம் 2021 மே மாதம் ஏழைத் தாண்டியது. சீனா அள்ளி அள்ளி வாங்கியது. வட்டி தரைமட்டத்தில் இருந்தது. வங்கிகளும் பொறுத்துப் போயின. இதில் எது எவ்வளவு காப்பாற்றியது என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நம்பாதீர்கள். பால் விஷயம் இன்னும் சிக்கல். பாலாடைக்கட்டிக்குப் போகும் பாலின் அரசு விலை மே மாதம் நூறு பவுண்டுக்கு 12.14 டாலர், ஜூலையில் 24.54. உணவுப் பெட்டிக்காக அரசே பாலாடைக்கட்டி வாங்கியதும் அந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம். ஆனால் பல வகைப் பாலின் விலையைக் கலந்து பண்ணைக்குக் கொடுக்கும் விலைத் தொகுப்பு முறையில் நடந்த கோளாறால் அந்த ஏற்றம் பல பண்ணைகளின் காசோலையில் முழுதாக வரவில்லை. உதவியா, உதவி செய்த குழப்பமா என்று பால்காரர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

இந்தக் கணக்கில் எங்குமே வராதவர்கள் ஆலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இறைச்சி வெட்டியவர்களும், வயலில் அறுவடை செய்தவர்களும். நோய் முதலில் அவர்களைத்தான் பிடித்தது. ஏப்ரல் 28 அன்று அதிபர் ஆணை போட்டு ஆலைகளைத் திறந்து வைக்கச் சொன்னபோது திரும்பி வரிசையில் நின்றதும் அவர்கள்தான். முறையான தாள் இல்லாதவர்களுக்கு எல்லோருக்கும் கிடைத்த 1,200 டாலர்கூடக் கிடைக்கவில்லை. பின்னால் ஒரு மானியத் திட்டம் வந்தது. தொண்டு நிறுவனங்கள் வழியாகத் தலைக்கு 600 டாலர். மாட்டுக்கு 214, மனிதனுக்கு 600 என்று ஒரு தொழிலாளி என்னிடம் சொன்னார், குரலை உயர்த்தாமல்.

அந்த மே மாதம் விற்ற மாட்டுக்காரர் கதையை முடிக்காமல் விட்டேன். இரண்டாம் சுற்றில் அவருக்கு 22,000 டாலர் வந்தது, மார்ச்சில் விற்றவரும் பட்டியை மறுபடி நிரப்பியிருந்ததால் அவருக்கும் அதே 22,000. 2020 டிசம்பர் சட்டத்தில் நாடாளுமன்றம் அந்த ஏப்ரல் 16 கோட்டைக் கொஞ்சம் சரிசெய்தது. கோட்டுக்குப் பிறகு பட்டியில் நின்ற கொழுத்த மாட்டுக்குத் தலைக்கு மேலும் 63 டாலர், பண்ணைக்காரரின் பசுவுக்கும் காளைக்கும் 17.25, சின்னக் கன்றுக்கு 7. ஆட்சி மாறி, புதிய அமைச்சர் டாம் வில்சாக் 2021 மார்ச் 24 அன்று அதை அறிவித்தார். 400 தலைக்கு 25,200. எல்லாம் கூட்டினால் அவருக்கு 60,400, மார்ச்சில் விற்றவருக்கு 1,07,600. நான் ஃபோன் செய்தபோது அவர் தீவனம் கலக்கும் வண்டியில் இருந்தார், இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. “இதுக்கு எங்கே கையெழுத்துப் போடணும், எந்தத் தேதியை எழுதணும்?” என்று கேட்டார். பழைய விண்ணப்பமே போதும், எதுவும் எழுத வேண்டாம், தானாகவே வந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்தச் சின்ன நோட்டை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். மூன்று வருடம் என்றேன்.